கோச்சுக்கு இன்னைக்கு எங்க வீட்டு முறை

உக்காருங்க சார். பாயிலயே உக்காருங்க, அந்த நாற்காலி வேண்டாம். நாற்காலியில உக்காந்து சாப்பிட்ட கோச்சு ஒருத்தரும் இந்த ஊர்ல ரெண்டாவது சீசனைப் பாத்ததில்ல. சும்மா சொல்லுதேன் சார், பயந்துராதீங்க. நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், அதான் விசயம்.

ரெக்சன் இப்ப வந்துருவான். ஐஸ் பிளாண்ட்ல இருந்து வரணும்லா. எங்க வீட்டு முறை அன்னைக்கு என் மகன் லேட்டாவே வரமாட்டான், இன்னைக்குத்தான் என்னமோ. நீங்க ஆரம்பிங்க, சோறு ஆறிப்போகும். சட்டப்படி பாத்தா அவன் உங்க கூட உக்காந்துதான் சாப்பிடணும். கோச்சு எந்த வீட்டுல கை நனைக்காரோ அந்த வீட்டுப் பிளேயரு பக்கத்துல உக்காரணும், அதுதான் இங்க வழக்கம். மொத மொதல்ல வந்த கோச்சு கூச்சப்பட்டவரு, தனியாச் சாப்பிட மாட்டேன்னாரு, அதுல இருந்து அப்படியே வந்துட்டு.

இந்த முறைச் சாப்பாட்டைப் பத்தி செயலாளர் பெர்க்மான்ஸ் உங்கள்ட்ட சொல்லியிருப்பாரு. அரைகுறையாத்தான் சொல்லியிருப்பாரு, அவருக்கு மைக் இருந்தாத்தான் பேச்சு வரும். நான் சொல்லுதேன் கேளுங்க. நம்ம சந்தியாகப்பர் புட்பால் கிளப்புல கோச்சுக்குச் சம்பளம்னு ஒண்ணு உண்டு. சாப்பிடுத நேரத்துல அதைப் பத்திப் பேச வேண்டாம். அந்தச் சம்பளத்துல கடைச் சாப்பாடு கட்டாதுன்னுதான் இந்த முறையே வந்துச்சு. கிரவுண்டுல எறங்கி ஆடுத பதினோரு பேரு வீடும் ஆளுக்கொரு நாளா மத்தியானச் சோறு போடணும். பெஞ்சுல உக்காந்திருக்கவன் வீட்டுக்கு முறை கிடையாது.

அதுல ஒரு தடவ பெரிய பிரச்சினை வந்துச்சு சார். அடுத்த வீட்டு ஞானசெல்வம் இருக்கால்லா, அவ மகன் ஜெரால்டு அப்பவே பெஞ்சுல இருந்தான். பெஞ்சு வீட்டுக்கும் முறை வேணும்னு கூட்டத்துல எந்திச்சு நின்னு கேட்டா. நானும் எந்திச்சேன். அப்படின்னா வெயில்ல ஓடுதவனுக்கு என்ன மரியாதைன்னு ஒரே கேள்விதான் கேட்டேன். பெர்க்மான்ஸ் உடனே நான் சொன்னதையே சட்டமா எழுதி வாசிச்சுட்டாரு. ஞானசெல்வம் எங்கிட்ட ஒரு மாசம் பேசல. இப்பப் பேசுதா. அவ குழம்பு தண்ணியா இருக்கும் சார், வேற ஒரு குறையும் சொல்ல முடியாது, நல்ல பொம்பள.

சீலா மீன் துண்டு இன்னொண்ணு வைக்கேன். வேண்டாம்னு சொல்லாதீங்க, ஞாயித்துக்கிழமை தெக்கூர்க்காரன் கூட மேட்ச்சு. தோத்தா பி டிவிஷனுக்கு எறங்கிருவோம்னு ஊரே வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு அலையுது. எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். லெப்ட் பேக்கு ரெக்சன்தான? சரி சரி, மெல்லுங்க, மென்னு முடிச்சுட்டுச் சொல்லுங்க.

உங்களுக்கு முன்னால வந்தவங்க கதை தெரியணும்லா. கிளப்பைக் கட்டுதோம் கட்டுதோம்னு எத்தனையோ வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொரு கோச்சு வரும்போதும் பெர்க்மான்ஸ் கோவில் முன்னால மைக்கப் பிடிச்சு, இது மறுகட்டமைப்பு, மூணு வருசத் திட்டம்னு சொல்லுவாரு. நாங்க கை தட்டுவோம். நடுவுல எங்க கோவில் கோபுரத்தை இடிச்சுட்டுப் புதுசா கட்டி, மணி ஏத்தி, பிஷப்பு வந்து மந்திரிச்சுட்டும் போயிட்டாரு. கிளப்பு இன்னும் அஸ்திவாரத்துலதான் நிக்கி.

மொதல்ல வந்தது தோமினிக் வாத்தியாரு. பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. தங்கமான மனுசன் சார். எதை வச்சாலும் சாப்பிடுவாரு, சாப்பிட்டு முடிச்சு அடுப்படி வரைக்கும் வந்து நல்லா இருந்துச்சு தாயின்னு சொல்லிட்டுத்தான் போவாரு. அப்படிப்பட்டவரு எப்படி சார் ஒருத்தனை டீம்ல இருந்து தூக்குவாரு? நேத்து எந்த வீட்டுல அயிலை மீன் பொரிச்சுத் தின்னாரோ அந்த வீட்டுப் பையனை இன்னைக்கு எப்படிப் பெஞ்சுல உக்கார வைப்பாரு? ரெண்டு சீசன் அதே பதினோரு பேரு. கோல்கீப்பருக்குக் கண்ணாடி போடச் சொல்லி டாக்டரு எழுதிக் குடுத்தாரு, அப்பவும் அவனைத்தான் நிறுத்துனாரு. எல்லா மேட்ச்சும் தோத்தோம். வந்தப்ப விசில் அவரு நெஞ்சுல தொங்கும், போறப்ப வயித்து மேல படுத்துக் கெடந்துச்சு. பெர்க்மான்ஸ் அதையும் சும்மா விடல, இது அடித்தளம் போடுத காலம்னு சொன்னாரு.

வாத்தியாரு சரிப்பட மாட்டாருன்னு சொல்லி அடுத்து ஒரு மிலிட்டரிக்காரரைக் கொண்டாந்தாங்க. சுபேதார் வேலாயுதம். மீசையே தனியா ஒரு ஆளு மாதிரி இருக்கும். வந்த மறுநாளே நாலு பேரைத் தூக்கிட்டு, தூத்துக்குடியில ஹாஸ்டல்ல படிச்சுக்கிட்டிருந்த நாலு பையங்களைக் கொண்டாந்து எறக்குனாரு. ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா வெளியூர்ப் பையனுக்கு இந்த ஊர்ல வீடு ஏது? வீடு இல்லன்னா அடுப்பு ஏது? அந்த நாலு நாளும் சுபேதாருக்குச் சோறு கிடையாது. அருளப்பன் டீக்கடையில பன்னும் வாழைப்பழமும் தின்னுட்டு கிரவுண்டுக்கு வருவாரு. சத்தம் போடுத மனுசன் சார் அவரு, சத்தம் போடத் தெம்பு வேணும்லா. கொஞ்சங் கொஞ்சமா குரல் எறங்கி, கடைசியில பிளேயர்களைக் கையக் காட்டித்தான் கூப்பிட்டாரு. ஊருக்குப் போயி டிரெஸ் எடுத்துட்டு வாரேன்னு போனவரு, அங்க இருந்தே போன்ல ராஜினாமா சொல்லிட்டாரு.

யாரும் அவருக்கு ஒரு நாள் கூடச் சோறு போட்டா என்னன்னு கேப்பீங்க. போட்டிருக்கலாம். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல சார். எங்க வீட்டு முறையில நான் குறை வைக்கல. ரெக்சனை அவரு தூக்கவும் இல்ல.

மூணாவது வந்தவரு ரங்கநாதன் சார், கும்பகோணம் பக்கம். பெரிய படிப்பு, சர்டிபிகேட்டு எல்லாம் பிரேம் போட்டு வச்சிருந்தாரு. பந்தைத் தரையிலயே உருட்டி உருட்டி ஆடணும், மேல தூக்கி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாரு. எல்லாம் சரி. மனுசன் சைவம். யாருமே அதைக் கேட்டுக்கிடல சார். கோச்சைப் பத்தி எல்லா விவரத்தையும் விசாரிச்ச பெர்க்மான்ஸுக்கு அதைக் கேக்கணும்னு தோணல. கேக்கணும்னு எப்படித் தோணும், இந்த ஊர்ல சைவம்னா நோன்பு அன்னைக்கு மட்டுந்தான.

காய்கறி வண்டி இங்க எப்பவாவதுதான் வரும். பதினோரு வீடும் வாழைக்காயிலயே விழுந்துச்சு. நேத்து கர்வாலோ வீட்டுல வாழைக்காய்ப் பொரியல், இன்னைக்கு மிராண்டா வீட்டுல வாழைக்காய்க் கூட்டு, நாளைக்கு எங்க வீட்டுல வாழைக்காய்ப் பொடிமாஸ். பாவம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. எனக்கே பொறுக்காம ஒரு நாள் பஸ்ஸப் பிடிச்சு தூத்துக்குடி போயி முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிட்டு வந்து சாம்பார் வச்சேன். நான் வச்ச மொத சாம்பார் சார் அது. குடிச்சுட்டு, இது ரசமான்னு கேட்டாரு.

அவரு எப்படிப் போனாருன்னா, யாரோ ஒரு வீட்டுல பொரியல்ல கூனி இறால் பொடி தூவிட்டாங்க. நான் இல்ல. எந்த வீடுன்னும் சொல்ல மாட்டேன், அந்த வீட்டுக்காரி காதுல விழும். தெரிஞ்சு செஞ்சாளோ கை தவறிச்சோ, அது பாவம் சார், அதை நான் நியாயம்னு சொல்லவே மாட்டேன். அவருக்குத் தெரிஞ்சதும் சத்தம் போடல, சாபம் விடல, வாசல்ல போயி வாயக் கழுவிட்டு அன்னைக்குச் சாயங்காலமே பெட்டியைக் கட்டிட்டாரு. பஸ் ஏத்தி விடப் போனோம். ரெக்சனைக் கூப்பிட்டு, நீ நல்லா ஆடுதே, ஆனா எப்பவும் இடது பக்கமே ஓடுதே, கொஞ்சம் நடுவுலயும் பாருன்னு சொல்லிட்டுப் போனாரு. போகும்போது கூட புத்தி சொல்லிட்டுப் போன மனுசன்.

மோர் ஊத்தட்டா? சரி, குழம்பே ஊத்துதேன்.

என்ன, வாசலைப் பாக்கீங்க? ரெக்சனா? வருவான் சார். அவன் இங்க இல்ல, ரெண்டு தெரு தள்ளி பொண்டாட்டி வீட்டுல இருக்கான். எங்க ஊர்ல அது ஒண்ணும் புதுசு இல்ல. மருமக பேரு மெர்லின். நல்ல பிள்ளைதான். கல்யாணம் முடிஞ்ச புதுசுல என்னைச் சாப்பிடக் கூப்பிட்டா. போனேன். நெத்திலிக் குழம்பு வச்சிருந்தா. ஒரு வாய் எடுத்தேன், தட்டைக் கொஞ்சம் தள்ளி வச்சேன். அவ்வளவுதான் சார் நான் செஞ்சது. ஒரு வார்த்தை பேசல. எந்திச்சு எங்க வீட்டுக்கு வந்து பழைய சோத்தைப் போட்டுச் சாப்பிட்டேன். தட்டைத் தள்ளி வச்சதுக்கு ஒரு மகன் ஆத்தா வீட்டுக்கு வராம இருப்பானா? அவன் இருந்தான். நீயா வந்து அவகிட்ட ஒரு வார்த்தை பேசும்மான்னான். நான் பேசல, நான் என்ன திட்டுனேனா, திட்டலியே, பேசுததுக்கு என்ன இருக்கு.

அவன் அப்பா இருந்திருந்தா ரெண்டு பேரையும் அதட்டியிருப்பாரு. சுகர் வந்து போயிட்டாரு மனுசன்.

அந்த நேரத்துலதான் கடவுள் கண்ணைத் தொறந்தாரு. எங்க வீட்டு முறை வந்துச்சு. கோச்சு கூட பிளேயரு உக்காந்து சாப்பிட்டே ஆகணும், சட்டம்லா. வந்தான். இந்தா இந்த இடத்துலதான் உக்காந்தான். மூஞ்சிய உர்ருன்னு வச்சிருந்தான், ஆனா மூணு தடவ சோறு வாங்குனான். அதுல இருந்து முறை அன்னைக்கு மட்டும் வருவான். வருவான், கை கழுவுவான், கோச்சு கூட பேசிக்கிட்டே சாப்பிடுவான், போயிட்டு வாரேம்மான்னு சொல்லிட்டுப் போவான். எனக்கு அது போதும் சார். மத்த நாளெல்லாம் கருவாட்டு யாவாரம், கோவில், தூக்கம். முறைக்கு மொத நாள்ல இருந்தே எனக்குக் கை காலு ஓடாது. ஊர்ல எல்லாரும் பிரகாசியம்மா கோச்சுக்குப் பிரமாதமா ஆக்கிப் போடுதான்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க. நான் யாருக்கு ஆக்குதேன்னு எனக்குத்தான தெரியும்.

அதனாலதான் கேக்கேன், லெப்ட் பேக்கு ரெக்சன்தான?

இருங்க, நாலாவது ஆளை விட்டுட்டேன். அவரு கதையக் கேட்டாத்தான் உங்களுக்கு இந்த ஊரு புரியும். அஷ்ரப் சார், கோழிக்கோடு. நல்ல கோச்சுன்னா அவருதான் சார், பொய் சொல்லக் கூடாது. அவரு காலத்துலதான் நாங்க திருவிழாக் கோப்பையில அரையிறுதி வரைக்கும் போனோம். கடற்கரையில கட்டுமரத்து மேலயெல்லாம் ஏறி நின்னு ஆளுங்க மேட்ச்சு பாத்தாங்க. எங்க கோவில் சாமியாரு அங்கியத் தூக்கிக் கட்டிக்கிட்டு லைனோரமா ஓடுனாரு.

ஆனா பாருங்க, அவரு ஒரு தப்புப் பண்ணிட்டாரு. பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்துட்டாரு. சுஹரான்னு பேரு, அழகான பிள்ளை. கடற்கரையில வாடகைக்கு வீடு எடுத்து, அதுவே சமைச்சுப் போட்டுச்சு. முறைச் சாப்பாடு வேண்டாம்னுட்டாரு. ஏன் உங்களுக்கெல்லாம் சிரமம்னு கேட்டாரு. சிரமமா? நாங்க கேட்டோமா சார், சிரமம்னு? பதினோரு வீட்டுப் பொம்பளைகளுக்கும் முகத்துல அடிச்ச மாதிரி ஆயிட்டு. எங்க வீட்டுல தண்ணி கூடக் குடிக்காத ஆளு எங்க பிள்ளைகள எப்படித் தெரிஞ்சுக்குவாரு?

ரெக்சன் வரத்தும் நின்னு போச்சு. முறை இல்லியே.

மாதர் சங்கத்துல பேசுனோம். நான்தான் பேசுனேன், எனக்குத்தான் கோர்வையாப் பேச வரும். எல்லாரும் சேந்து சாமியார்ட்ட போனோம். மரியாதையாத்தான் சொன்னோம், ஊர்ச் சோத்தை ஒதுக்குத ஆளு ஊர்க் கிளப்புக்கு எதுக்குன்னு. சாமியாரு, ஜெயிக்கோமே அம்மான்னாரு. ஜெயிச்சா ஆச்சா சாமின்னு கேட்டேன். சீசன் முடிஞ்சதும் அஷ்ரப் சாரை அனுப்பிட்டாங்க. அதுக்கு முந்தின வாரந்தான் அவரு ரெக்சனைத் தூக்கிப் பெஞ்சுல உக்கார வச்சிருந்தாரு. நீங்க உடனே அதையும் இதையும் முடிச்சுப் போட்டுராதீங்க. ஊர்ல சில பேரு போட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது சார். சோத்துப் பிரச்சினை தனி, டீம்ல தூக்குனது தனி. ரெண்டும் ஒரே வாரத்துல வந்தா அதுக்கு நான் என்ன செய்ய.

அந்தப் பிள்ளை சுஹரா போகும்போது என் கையப் பிடிச்சு அழுதுச்சு. எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஒரு டப்பா நிறைய மாசிக் கருவாடு குடுத்து விட்டேன்.

அதுக்கப்புறம் வந்ததுதான் நிதின் தம்பி. சின்ன வயசு. லேப்டாப்பு, டிரோன் கேமரா, அது இதுன்னு ஒரே சாமான். டிரோனைப் பறக்க விட்டு மொத நாளே காக்காக் கூட்டம் கொத்தி அது கடல்ல விழுந்துட்டு. பதினோரு வீட்டுக்கும் ஒரே கட்டளை, எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, மீனை அவிச்சுத் தரணும். அவிச்ச மீனு. சீக்காளிக்குக் கூட நாங்க அப்படிக் குடுக்கதில்ல சார். நான் அவருக்கு ஒரு தட்டுல அவிச்ச மீனை வச்சுட்டு, ரெக்சனுக்கு எப்பவும் போல மாங்காய் போட்டுக் குழம்பு வச்சேன். ரெண்டாவது முறைக்கே தம்பி ரெக்சன் தட்டைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. மூணாவது முறைக்குக் கொஞ்சம் ருசி மட்டும் பாக்கேம்மான்னாரு. அப்புறம் ஒரு சட்டி குழம்பு பத்தாது அவருக்கு. எங்க வீட்டு முறை அன்னைக்கு மட்டும் லேப்டாப்பைத் தொறக்கவே மாட்டாரு.

அவரு இருந்த வரைக்கும் ரெக்சன் ஒரு மேட்ச்சு விடாம ஆடுனான். போன சீசன்ல கடைசிக்கு முந்தின இடம். அதை வச்சு நிதின் தம்பிய அனுப்பிட்டாங்க. மேல ஏறதுக்கு முன்னால கொஞ்சம் எறங்கணும்னு பெர்க்மான்ஸ் மைக்குல சொன்னாரு. இந்தத் தடவ ஒருத்தரும் கை தட்டல.

இப்ப நீங்க வந்திருக்கீங்க. உங்களைப் பாத்தா எனக்கு நம்பிக்கையா இருக்கு சார். முள்ளை எடுத்து ஓரமா வைக்குத விதத்துலயே தெரியுது, அவசரப்படுத ஆளு இல்ல. கிளப்பைக் கட்டணும்னா இந்த மாதிரி பொறுமை வேணும். நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன்.

ஏன் சார், கைய மடக்கிட்டீங்க. உப்புக் கூடிட்டா?

சொல்லுங்க. என்னவா இருந்தாலும் சொல்லுங்க.

ஜெரால்டையா? ஞாயித்துக்கிழமையேவா?

யாரு சொன்னா உங்களுக்கு, ரெக்சனுக்கு ஓட முடியலன்னு? ஞானசெல்வம் வந்தாளா? நான் பேசிக்கிடுதேன் அவகிட்ட.

ரெக்சனே சொன்னானா. அவனா வந்து உங்கள்ட்டச் சொன்னானா, என்னைத் தூக்கிருங்கன்னு?

கால் முட்டுல என்ன? எந்த முட்டு? அரையிறுதியில விழுந்தானே, அதா? அது அந்த வாரமே சரியாயிட்டுன்னு சொன்னானே சார் என்கிட்ட. இங்க வரும்போதெல்லாம் நல்லாத்தான் நடந்து வருவான். நொண்ட மாட்டானே.

இங்க வரும்போது நொண்ட மாட்டான். சரி. மத்த நேரம்?

ஸ்கேன் எடுத்ததை நீங்களே பாத்தீங்களா. டாக்டரு ஆட வேண்டாம்னு சொன்னாராமா. எத்தனை வருசமா இப்படி? அஷ்ரப் சார் அவனைப் பெஞ்சுல உக்கார வச்சது அதுக்குத்தானா? அந்த மனுசன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. சொல்ல வந்தாரோ என்னமோ. நான் விட்டாத்தான.

சரி, நிதின் தம்பிட்டயும் கேட்டிருக்கான். அவரு ஏன் எடுக்கல? எனக்குப் பயந்தா? என்ன சார் இது, நான் என்ன ஆளைக் கடிச்சா தின்னேன்? அஷ்ரப் சார் கதையக் கேட்டுட்டுப் பயந்தாராக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு இப்பதான உங்களுக்குச் சொன்னேன். அவருக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

பாதி பயம், பாதி குழம்பா? சிரிக்காதீங்க சார். எங்க வீட்டுக் குழம்பு மேல பழியப் போடாதீங்க. குழம்பு என்ன செய்யும். நான் என் மகனுக்கு ஆக்குனேன், அதைத் தின்னுட்டு அவரு என் மகனை நொண்டிக் காலோட ஓட விட்டிருக்காரு. படிச்ச பிள்ளை செய்யுத வேலையா இது.

இதை ஏன் அவன் என்கிட்ட வந்து சொல்லல? நான் ஆத்தாதான? முட்டு வலிக்குதும்மான்னு சொன்னா நான் ஆடுன்னா சொல்லுவேன்?

என்னது?

திருப்பிச் சொல்லுங்க சார். எனக்கு சரியாக் கேக்கல.

டீம்ல இருந்து எடுத்துருங்க, ஆனா முறைய மட்டும் எங்கம்மா வீட்டுலயே வச்சிருங்கன்னானா. அப்படியா சொன்னான். அவன் வாயால.

கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க சார். ஒண்ணும் இல்ல. அவனும் இதுக்குத்தான் வந்திருக்கான், எனக்குத் தெரியாம போச்சு. சட்டத்துக்காக வாரான்னு நினைச்சுட்டேன். அந்தக் காலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஓடியிருக்கான், இந்தச் சோத்துக்கு.

இல்ல சார், அது நடக்காது. பெஞ்சு வீட்டுக்கு முறை கிடையாது. நான் நின்னு வாங்குன சட்டம், எனக்குன்னு மாத்துனா ஞானசெல்வம் ஊரையே கூட்டிருவா, கூட்டணும், நானா இருந்தாலும் கூட்டுவேன். ஜெரால்டை எறக்குங்க. நல்ல காலு அவனுக்கு, இந்த வீட்டு மாடியில நின்னு நான் பாத்திருக்கேன், சொல்லத்தான் மனசு வரல. இனி எங்க முறை வர நாள்ல அவ வீட்டுல சாப்பிடுங்க. தண்ணியா இருந்தாலும் மூஞ்சியச் சுளிக்காதீங்க, அவளும் பிள்ளைக்காகத்தான் ஆக்குவா.

அவன் எங்க இப்ப? வெளியிலயா? நீங்க வந்ததுல இருந்தேயா நிக்கான்? இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார் நீங்க. சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லுங்கன்னு சொல்லி விட்டானாக்கும். எங்கம்மா பாதிச் சோத்துல எந்திரிக்க விடமாட்டா, ஆனா பாதிச் சோத்துல சொன்னா அவளே எந்திச்சுருவான்னு தெரிஞ்சு வச்சிருக்கான்.

ஏல ரெக்சா. அங்க என்ன மரத்தைப் பாத்துக்கிட்டு நிக்க? உள்ள வா. எல்லாத்தையும் சொல்லிட்டாரு, உள்ள வா.

ஏன் வரமாட்டே? முறை போச்சு, இனி எந்த உரிமையில வரட்டும்னு கேக்கியா? கேப்பல, கேப்ப. ஐயா, அந்தக் காலை மடக்காம நேரா வச்சு நில்லு. எவ்வளவு நாளா இப்படிச் சாஞ்சு நிக்கே?

மெர்லினா? சாப்பிடாம உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காளா? இன்னைக்கு உனக்கு அம்மா வீட்டுச் சோறு கிடைக்காதுன்னு அவளே ஆக்கி வச்சிருக்காளாக்கும். விவரமான பிள்ளைதான். சரி, போ. பசியோட அவளை உக்கார வைக்காத.

இரி. இரி, நானும் வாரேன்.

ஆமா, உங்க வீட்டுக்குத்தான். ஏன் இப்படி முழிக்க? எனக்குப் பசிக்கி. சாருக்குப் போட்டுட்டு நான் இன்னும் ஒரு வாய் சாப்பிடல. ரெண்டு பேருக்குத்தான் ஆக்கியிருப்பாளா? பரவாயில்ல, இருக்கதைப் போடச் சொல்லு, நான் குறை சொல்ல வரல.

சார், நீங்க மெதுவா கை கழுவிட்டு எந்திரிங்க. தட்டை அப்படியே வச்சிருங்க, நான் வந்து எடுத்துக்கிடுதேன். போகும்போது கதவைச் சும்மா சாத்திட்டுப் போங்க. எனக்கு நேரமாச்சு, அவன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான், அவன் பின்னால ஏறி உக்காந்து ரொம்ப வருசமாச்சு.